வேர்க்கிற படகு

"...ஓட்ட இல்ல மச்சான், வேர்க்குது. அவ்ளோதான். மனுசனுக்கு வேர்க்கல? பழைய படகு, வெயில்ல ஓடுது, அதுக்கும் வேர்க்கும் லா," என்றார் என் மச்சான், சுக்கானைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே.

நான் இஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு குனிந்திருந்தேன். கீழே கணுக்கால் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். புறப்படும்போது அங்கே ஈரம் மட்டும்தான் இருந்தது. பின்னால் லுமுட் கரை, முன்னால் பங்கோர் தீவு. இரண்டுக்கும் நடுவில் இருந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சுங்கை சிப்புட்டில் லோரி பழுது பார்க்கிறார். பேச்சில் அவரை மடக்க ஆளில்லை. லோரி கிளம்பவில்லையென்றால் "கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்பார், பிரேக் பிடிக்கவில்லையென்றால் "காது கேக்கல" என்பார். நானும் அதையெல்லாம் நான் வேலை செய்யும் ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். வேர்க்குது என்றபோதும் முதல் தடவை சிரித்தேன்தான்.

இந்தப் பழைய மரப்படகை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். அதன் அடியில் ஒரு துளை. கடல் தண்ணீரை உள்ளே எடுத்து இஞ்சினைக் குளிர வைக்கிற பித்தளைக் குழாய் அந்தத் துளை வழியாகத்தான் வருகிறது. குழாயின் தலையில் ஒரு வால்வு. மச்சான் அதற்குத் தொப்புள் என்று பேர் வைத்திருந்தார். தொப்புளின் திருகுமரை தேய்ந்து, குழாயும் வால்வும் சேருமிடத்தில் தண்ணீர் கசிந்தது.

ஈப்போவில் நாங்கள் ஏறி இறங்காத இரும்புக்கடை இல்லை. மாதிரிக்கு அதே அளவில் ஒரு பழைய துண்டு மச்சானின் சட்டைப்பையில் கிடந்து, பையே கிழிந்துவிட்டது. இந்த மரைக்கு இப்போது எவனும் சாமான் செய்வதில்லை என்று எல்லாக் கடையிலும் கைவிரித்தார்கள். படகுப் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே மலாயில் சொன்னதும் அதேதான்: படகைக் கரையேற்று, பழசை அறுத்தெடு, புதிதாகப் போடு, ஒரு மாதமாகும். சொல்லிவிட்டு, கூம்பு மாதிரி சீவிய மர ஆப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். இதைக் குழாய் பக்கத்திலேயே கட்டி வை, ஒரு நாள் தேவைப்படும் என்றார்.

"ஒரு மாசமா? அடுத்த ஞாயித்துக்கிழம பொம்பளைங்க, புள்ளைங்கள எல்லாம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியாச்சு," என்றார் மச்சான். மறுநாள் ஒரு பை நிறைய ஒட்டுப்பால் கொண்டுவந்தார். ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்குமே, அது. நீளநீளமாக இழுத்து, குழாயின் கழுத்தைச் சுற்றிச் சுற்றி அப்பி, மேலே மோட்டார்சைக்கிள் டியூபை வரிந்து கட்டினார்.

"எங்கப்பா அம்மா வெட்டுன மரத்துப் பாலு மச்சான். நம்மள முழுகடிக்குமா?"

கசிவு நின்றது. நானும் நம்பினேன். தவுக்கேயின் ஆப்பைக் கேபின் கதவு ஆடாமலிருக்க அடியில் செருகி வைத்தார். லைஃப் ஜாக்கெட் இரண்டு இருந்தன. நான் கரையிலேயே மாட்டிக்கொண்டேன். "பாலர் பள்ளிச் சட்டையா?" என்று கேட்டுவிட்டு, தன்னுடையதைச் சுருட்டி உட்காருமிடத்துக்கு மெத்தையாக்கினார். குடும்பத்தை ஏற்றுவதற்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும் ஓட்டிப் பார்க்கிற நாள் அது.

இப்போது பலகைக்கு அடியில் கையை விட்டேன். டீசல் வாடை மூக்கில் ஏறியது. டியூப் வழுக்கியது. உள்ளேயிருந்த ஒட்டுப்பால் மென்று துப்பிய சுவிங்கம் மாதிரி கொழகொழவென்று கையோடு வந்தது. டீசல் பட்டால் பச்சை ரப்பர் இளகிவிடும். இது எனக்குத் தெரியாமலிருக்கலாம், தினமும் டீசலில் புழங்குகிற மச்சானுக்குத் தெரியும். லோரியில் அப்படி ஒரு இடத்தில் அதை வைத்திருக்கவே மாட்டார். ஒட்டுப்பாலைக் கையில் எடுத்ததும் அவருக்குள் இருந்த மெக்கானிக் எங்கோ போய்விட்டான், ரப்பர் தோட்டத்துப் பிள்ளை மட்டும் மிஞ்சினான்.

விரல்களுக்கு நடுவில் தண்ணீர் பீறிட்டது. உள்ளங்கையால் அமுக்கினேன். கடலே என் கையைத் தள்ளுவது போலிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே பலகைமேல் என் மகள் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது.

"மச்சான்," என்றேன் கடைசியில். "வேர்வை உப்புக் கரிக்குது. கடல் தண்ணி."

திரும்பினார். என் கையைப் பார்த்தார். இஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் தண்ணீர் ஏறும் சத்தம் தனியாகக் கேட்டது. கேபின் கதவின் அடியிலிருந்து ஆப்பைப் பிடுங்கினார், கதவு படாரென்று அடித்துக்கொண்டது. குப்புறப் படுத்து, என் கையை விலக்கி, டியூபையும் ஒட்டுப்பாலையும் மொத்தமாகப் பிய்த்தார். வால்வும் அதோடு கழன்று வந்தது. கடல் ஒரு தூணாக எழும்பி அவர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டே ஆப்பைக் குழாயின் வாயில் திணித்து, கையிலிருந்த வால்வாலேயே ஓங்கி ஓங்கி அடித்தார், தூண் குட்டையாகி, சொட்டாகி, நிற்கும் வரை.

பிறகு எழுந்து, சுக்கானுக்குப் பின்னால் போய், மெத்தையாகக் கிடந்த லைஃப் ஜாக்கெட்டை விரித்து, மாட்டி, மூன்று பக்கிள்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டார்.