இடது பக்கத்து ஸ்டூல்

ஆர்லிஸ் ப்ரோஹாஸ்காவுக்கு அழத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெற்ற தாய் செத்த அன்றைக்குக்கூட, வந்தவர்களுக்குக் காபி போதுமா என்றுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பதினெட்டு வருஷம் கரண்டி பிடித்தவள். அன்றைக்குத் தட்டில் பீன்ஸை மிச்சம் வைத்த பையன்கள் இன்று மீசை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறார்கள். இப்போதும் அவளைக் கண்டால் அவர்களுக்கு முதுகு தானாக நிமிரும்.

புருஷன் வெண்டல் வடக்கே நார்த் டகோட்டா எண்ணெய் வயலில் தண்ணீர் லாரி ஓட்டினான். நெப்ராஸ்காவில் அவர்கள் வீட்டுக் கூரையை ஆலங்கட்டி மழை சல்லடையாக்கிவிட்டுப் போன வருஷம், "ஆறே மாசம்" என்று சொல்லிப் புறப்பட்டவன். கூரை மாற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவன் இன்னும் அங்கேதான். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை வருவான், மூன்று நாள் இருப்பான். வந்த முதல் நாள் தூங்குவான், மூன்றாம் நாள் மூட்டை கட்டுவான். நடுவில் இருக்கிற ஒரு நாள்தான் ஆர்லிஸுக்கு.

அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கார் நின்றதே இல்லை. சுவரோரமாக நீளமான மேஜை. அதில் கைப்பிடியை இழுத்துத் தோட்டா அமுக்குகிற இரண்டு பிரஸ், எதிரே இரண்டு ஸ்டூல். இடது பக்கம் வெண்டலுடையது, பழைய டிராக்டரின் இரும்பு இருக்கையைக் கழற்றிக் கால் வைத்தது. வலது பக்கம் ஆர்லிஸுடையது, மெத்தை தைத்துப் போட்டது. ரிவால்வர் போட்டிக்கு வேண்டிய தோட்டாவை அங்கேதான் இருவரும் இருபத்திரண்டு வருஷமாகச் செய்தார்கள். கடைத் தோட்டாவை வெண்டல் தொடமாட்டான். கடையில் வாங்கிய கேக்கை அவள் தொடமாட்டாள். அந்த விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, அளவுக்கு அமுக்கி, அடியில் பொறி தட்டும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்து அளந்து போட்டு, ஈயக் குண்டைச் சொருகுவது வரை வெண்டலின் வேலை. சொருகியதை இடது கைப் பக்கத்துத் தட்டில் வைத்து, "முடிஞ்சுது" என்பான்.

"ஒன் வேலை எப்பவும் பாதியிலதான் முடியும்" என்பாள் ஆர்லிஸ்.

மிச்சப் பாதி அவளுடையது. தட்டை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தன் பிரஸ்ஸில் நிறுத்திக் கைப்பிடியை இழுப்பாள். சோமாசி ஓரத்தை மடிப்பது மாதிரி, கூட்டின் வாய் விளிம்பு குண்டில் ஓடும் பள்ளத்துக்குள் மடிந்து கவ்விக்கொள்ளும். கிரிம்ப் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆர்லிஸுக்கு அது கழுத்தைப் பிடிப்பது. அதிகமாக இழுத்தால் கூட்டுக்கு வயிறு பிதுங்கும். குறைத்தால் பிடிப்பு நிற்காது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கும்போது உருளையில் இருக்கும் மற்றவை எல்லாம் உதறல் வாங்கும். கழுத்து பிடிபடாத குண்டு ஒவ்வொரு உதறலுக்கும் இம்மி இம்மியாக முன்னால் நகர்ந்து, கடைசியில் மூக்கை வெளியே நீட்டிவிடும். அப்புறம் உருளை சுற்றாது. கையில் இருப்பது வெறும் இரும்பு.

அந்த மேஜையில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேருக்கும் கையில் வேலை இருந்தது. அதனால் சாப்பாட்டு மேஜையில் வராத பேச்செல்லாம் அங்கே வந்தது. பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னதைப் பற்றி அங்கேதான் பேசினார்கள். சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான்.

அவன் போன பிறகு முழு வேலையும் அவள் தலையில். முதல் வருஷம் நின்றுகொண்டே அவன் பக்கத்து வேலையை முடித்தாள். இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு நாள் கால் வலிக்கிறது என்று இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் உயரத்துக்கு வைத்த ஸ்டூல். அவள் கால் தரையைத் தொடாமல் பள்ளிக்கூடப் பிள்ளைக் கால் மாதிரி தொங்கியது. திருகைச் சுழற்றினால் இறங்கும். அவள் இறக்கவில்லை. அன்றிலிருந்து அதில்தான் உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஸ்டூல்தானே.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை லேபர் டே விடுமுறை. அதற்கு முந்தின ஞாயிறு ஊர் துப்பாக்கிக் கிளப்பில் கட்டை வீழ்த்தும் போட்டி நடக்கும். மேஜை மேல் ஐந்து பௌலிங் கட்டை. சாய்த்தால் போதாது, மேஜையைவிட்டே தள்ள வேண்டும். அதற்குக் கனமான குண்டு, கனமான உதை. புருஷன் பெண்டாட்டி ஜோடியாகச் சுடும் பந்தயத்துக்குப் பரிசு ஒரு முழு ஹாம், புகையூட்டிய பன்றித்தொடை. ப்ரோஹாஸ்கா வீட்டுக் குளிர்பெட்டிக்கு அது பழகிய விருந்தாளி.

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஆர்லிஸ் நூறு தோட்டாவுக்குக் குண்டு சொருகி முடித்தாள். ஐம்பதைத் தன் பக்கம் எடுத்துப்போய்க் கழுத்தைப் பிடித்து, தன் பெட்டியில் அடுக்கினாள். மிச்ச ஐம்பதுக்காக எழுந்தபோது போன் அடித்தது.

"ஆர்லிஸ், ஒரு விஷயம்" என்றான் வெண்டல்.

"காலை ஒடச்சுக்கிட்டியா?"

"இல்ல."

"அப்ப சொல்லு."

"என்னை ஃபோர்மேன் ஆக்குறாங்களாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடணும். லேபர் டே முடிஞ்ச செவ்வாக்கிழமை பதில் சொல்லச் சொல்றாங்க."

"எங்க தங்குறது?"

"அதே டிரெய்லர்தான். அதே நாலு பேரு. கொறட்டை விடுறவன் மட்டும் போயிட்டான். நீ என்ன சொல்ற?"

'வராமல் இருந்தது போதும்' என்பது அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அடுத்தவள் புருஷனைப் பற்றி நடுத்தெருவில் நின்று அபிப்பிராயம் சொல்லக்கூடியவள்தான். தன் புருஷனிடம் இதை ஒன்றைக் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. கேட்டு, அவன் இல்லை என்றுவிட்டால்? ஆறு மாசம் என்று நம்பிக்கொண்டிருக்க அப்புறம் என்ன மிஞ்சும்?

"ஒன் வேலை, ஒன் இஷ்டம். அடுப்புல தக்காளி கெடக்கு. வைக்கிறேன்" என்றாள்.

தக்காளி கிடந்ததும் உண்மைதான். கிளறி, பாட்டிலில் அடைத்து, மூடியைத் திருகிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பி, அவன் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். தலைக்குள் இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்றே ஓடியது. இடது தட்டு நிறைய ஐம்பது தோட்டா. அந்த ஸ்டூலில் இருப்பவருக்கு இடது தட்டுக்குப் போனது முடிந்த வேலை. இருபத்திரண்டு வருஷமாக அங்கிருந்து கேட்ட 'முடிஞ்சுது' அது. கை அவற்றை அள்ளிப் பெட்டியில் அடுக்கி, மூடி மேல் 'வெண்டல்' என்று எழுதியும் வைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். சட்டைக் காலர் தொளதொளவென்றிருந்தது. சட்டையில் டீசல் வாசம்.

"சோறு போடுறானுங்களா இல்லியா அங்க?"

"போடுறானுங்க. எல்லாம் ஒரே நெறத்துல இருக்கும்."

இறைச்சியும் பீன்ஸும் வெந்த சில்லியும், இலவங்கப்பட்டை ரோலும் வைத்தாள். மூன்று ரோல் தின்றுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனான். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தூங்குகிறவனுக்கு எதிரே உட்கார்ந்து, எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும் அந்தச் சாயங்காலம் முழுக்க, கிழியாத சட்டைகளை எல்லாம் எடுத்துப் பொத்தான் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் மைதானத்தில் தக்காளிச் சாறு கலந்த பீர், மரப்பெஞ்சு, ஊர் ஜனம் பாதி. போட்டி நடத்துகிறவன் கோல்பி, பழைய பீன்ஸ் மிச்சக்காரன்.

"மிஸஸ் ப்ரோஹாஸ்கா, இந்த வருஷமாவது ஹாமை வேற யாருக்காவது விட்டுக் குடுங்க."

"ஒன் தட்டு இன்னும் காலியாகல கோல்பி. மொதல்ல அதைப் பாரு."

பக்கத்துப் பண்ணை ரோண்டா சத்தமாகச் சிரித்தாள். அவளும் அவள் புருஷனும் ஏழு வருஷமாக இரண்டாம் இடம். இந்தத் தடவையும் கடைசிச் சுற்றில் இவர்களோடு மோதியது அவர்கள்தான். ரோண்டா ஜோடி முதலில் சுட்டு, சுமாரான நேரத்தில் முடித்தது.

அடுத்து ஆர்லிஸும் வெண்டலும் ஆளுக்கு ஒரு மேஜை முன்னால் நின்றார்கள். வெண்டல் பெட்டியைத் திறந்தான். முந்தின சுற்றுகளைப் பழைய மிச்சத் தோட்டாவில் சுட்டிருந்தான், புதுசு கடைசிக்கு என்று வைத்திருந்தான். உருளைக்குள் ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுத்தினால்தான் போயிற்று. ஆர்லிஸ் செய்தது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று மூடினான்.

பீப் அடித்தது. ஆர்லிஸ் ஐந்தையும் வரிசையாகத் தள்ளினாள். பக்கத்தில் வெண்டலின் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு இல்லை. அவள் திரும்பினாள். அவன் விசையை இழுக்கிறான், உருளை அசையவில்லை. இரண்டு கட்டை மேஜை மேல் நின்றுகொண்டிருந்தது.

"துப்பாக்கிக் குழாய் மண்மேட்டைப் பாத்தே இருக்கட்டும்! விரலை எடுத்துடுங்க!" என்று கோல்பி ஓடி வந்தான். நீட்டிக்கொண்டிருந்த குண்டை மரக்குச்சியால் மெல்லத் தட்டி உள்ளே தள்ளி, உருளையைத் திறந்து, சுடாத தோட்டாக்களை வெளியே எடுத்தார்கள். வெண்டல் ஒன்றை வாங்கிக் கூட்டின் வாய் விளிம்பைக் கட்டை விரலால் தடவினான். மடிப்பே இல்லை.

"ஆர்லிஸ் தப்பு பண்ணிட்டா!" என்று ரோண்டா கத்தினாள். "யாராவது ஓடிப்போய் சர்ச் மணிய அடிங்கப்பா!"

ஜனம் சிரித்தது. வெண்டல் சிரிக்கவில்லை. தோட்டாவையே பார்த்தபடி, பெண்டாட்டி பக்கமாகச் சாய்ந்து கேட்டான்.

"இதெல்லாம் எந்தத் தட்டுலேருந்து எடுத்த?"

"ஒன் தட்டுலேருந்து."

"ஒன் ஸ்டூல்லேருந்து அது எட்டாதே."

ஆர்லிஸ் தன் உருளையைத் திறந்து காலிக் கூடுகளைக் கொட்டினாள்.

"என் ஸ்டூல்லயா உக்காந்திருந்த?"

"உக்காந்தேன். அதுக்கு என்ன இப்ப? வாடகை கேக்குறியா?"

"எத்தன நாளா?"

"ரெண்டு குளிர்காலமா."

"ஒனக்குக் கால் எட்டாதே, ஆர்லிஸ்."

"எட்டல."

"எறக்கி வச்சுக்கலாமே."

"எறக்கினா அப்புறம் அது ஒன் ஸ்டூலா?"

இதைச் சொன்னதும் அடைத்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பொத்துக்கொண்டது. காதடைப்பைக் கழற்றாமல் நின்றாள், தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவளுக்கே தெரியவில்லை. சாப்பாட்டறையில் இருநூறு பிள்ளைகளை அடக்கிய குரல் அது.

"செவ்வாக்கிழமை முடியாதுன்னு சொல்லிடு! வீட்டுக்கு வா வெண்டல்! எனக்கு நீ எப்பவும் கூடவே வேணும், அஞ்சு வாரத்துக்கு ஒருக்கா வேணாம்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. பீர் குவளை தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். கோல்பி தன் பூட்ஸைப் பார்த்தான். வெண்டல் எட்டி, அவள் காதடைப்பை மெதுவாகக் கழுத்துக்கு இறக்கினான்.

"கேட்டுச்சு. போன்லயே சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். நீ கேக்கவே இல்லியே" என்றான்.

"நீயும் சொல்லலியே."

"நீ 'ஒன் இஷ்டம்'னு போனை வச்ச. நான் இல்லாம பழகிட்டபோலன்னு நெனச்சேன்."

ரோண்டாதான் தொண்டையைக் கனைத்தாள்.

"எல்லாம் சரி. ஹாம் எங்களுக்கா, இவங்களுக்கா? அதைச் சொல்லுங்க."

ஹாம் ரோண்டாவுக்குப் போயிற்று. ஏழு வருஷக் கணக்கு, தின்னட்டும்.

நினைத்தபடி உடனே வந்துவிட முடியவில்லை. இந்த வருஷம் முடிகிற வரை ஓட்டுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். அவனை நம்பி வேலையைப் பிரித்திருந்தார்கள். டிசம்பர் என்றான். ஆர்லிஸுக்கு மாசக் கணக்கில் சொல்லுகிற எதிலும் நம்பிக்கை போய் நாளாகிறது. தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது கொட்டகையில் பிரஸ் சத்தம் கேட்டது. அவன் தன் ஸ்டூலில் உட்கார்ந்து குண்டு சொருகிக்கொண்டிருந்தான். மத்தியானம் புறப்படுகிற வரைக்கும் சொருகினான். தட்டு நிறைந்து, அவள் கேக் சுடுகிற இரண்டு தகரமும் நிறைந்தன. முந்நூறுக்குக் குறையாது. அவள் தன் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீ இன்னும் ஆரம்பிக்கலியா?"

"நீ போனப்புறம் எனக்கு வேல வேணாமா?"

"முடிஞ்சுது" என்று கடைசித் தோட்டாவை இடது பக்கம் வைத்தான்.

"பாதிதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னானுங்க?"

"பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சொன்னானுங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கானுங்க."

முந்நூறு தோட்டாவுக்குக் கழுத்தைப் பிடிக்க ஆர்லிஸுக்கு ஒரு காலைப் பொழுது போதும். அவள் ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்துக்கொண்டாள், டிசம்பர் வரை வரும். காலை காபி முடிந்ததும் கொட்டகைக்குப் போவாள். தன் மெத்தை ஸ்டூலிலிருந்து இடது தட்டு எட்டாது. அதனால் எழுந்து, அவன் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு போய், மூன்றை எடுத்து வருவாள். அதில் இப்போது உட்காருவதில்லை. கைப்பிடியை இழுத்து, விளிம்பைக் கட்டை விரலால் தடவி, கவ்வியிருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைப்பாள்.

அக்டோபர் கடைசியில் சீக்கிரமே ஒரு பனி விழுந்தது. அன்றைக்கு மூன்று முடிந்த பிறகு நாலாவதை எடுக்க எழுந்துவிட்டாள். இரும்பு இருக்கை மேல் லேசாகத் தூசி படிந்திருந்தது. ஏப்ரன் முனையால் அதைத் துடைத்தாள். தட்டையும் தகரத்தையும் பார்த்தாள், முந்நூறில் இன்னும் பாதி இருந்தது. நாலாவதை அங்கேயே விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.