சுன்னாகத்தில் நின்ற கார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் கடல் கடந்து போய்விட்டார்கள். மூன்றாவது மகன் மட்டும் அரியாலையில் என்னோடு இருக்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக்கூட்டி எழுத நேரம் எடுக்கும். ஆனாலும் இன்றுவரை ஒரு கடதாசியிலும் நான் கைநாட்டு வைத்ததில்லை, கையெழுத்துத்தான். இதையும் நானேதான் எழுதுகிறேன். இன்று காலை ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போய்வந்த கதை இது. இன்றைக்கே எழுதி முடிக்கவேண்டும். நாளை பத்து மணிக்குக் காரைக் கொண்டுபோக ஆள் வருகிறது.

கார் என் மனுசனுடையது. அவர் போய் நாலு வருசம். அந்தக் காரை வாடகைக்கு ஓடித்தான் ஆறு வயிற்றையும் நிரப்பினார். எங்கள் பக்கத்தில் எத்தனை மாப்பிள்ளைகள் அதில் ஏறினார்கள், எத்தனை பேறுகாரிகள் அதில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. நான் ஒருநாளும் அதை ஓட்டியதில்லை. ஆனால் அதற்குப் பெற்றோல் பருக்கியவள் நான்.

சும்மா சொல்லவில்லை. சண்டையால் வடக்கே பெற்றோல் வராமல் போன அந்த வருசங்களில் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் குளிர்ந்த இயந்திரம் அதில் எழும்பாது. முதலில் கொஞ்சம் பெற்றோல் காட்டவேண்டும். அவர் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவார். நான் இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, மருந்துப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவேன். கூட விட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். குறைய விட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். இருமலைக் கேட்டே என்ன குறை என்று சொல்லுவேன். "பொறுங்கோ, இன்னும் இரண்டு சொட்டு" என்றால் அவர் பொறுப்பார். கார் விசயத்தில் என் சொல்லை அவர் தட்டியதில்லை.

மகன் அப்படியல்ல. அவன் கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்கிறவன். இந்தக் கார் இரண்டு வருசமாக அவனைப் பாடாய்ப் படுத்துகிறது. வீட்டில் ஒரே அடியில் ஸ்ரார்ட் வரும். நாலு மைல்கட்டை ஓடும். பிறகு இரண்டு தரம் விக்கி, செத்துவிடும். கால்மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி எழும்பும். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். காபரேற்றரைப் பிரித்துக் கழுவினான். பெற்றோலை இழுக்கிற பம்மை மாற்றினான். கடைசியில் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, நெருப்பும் இருக்கு, பெற்றோலும் வருது. இனி எனக்கு விளங்கேல்லை. சூட்டுக்குத்தான் நிக்குது போல. பம்முக்கு மேல ஈரத்துணி போட்டு ஓடிப் பாருங்கோ."

அதற்குப் பிறகுதான் மகன் காரை வாங்க அந்த ஆளைப் பிடித்தான். அவனுக்குக் கலியாண மண்டபம் ஒன்று இருக்கிறது. வாசலில் காரை நிறுத்தி, பொம்பிளை மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கப்போகிறானாம். இயந்திரம் தேவையில்லையாம், கழற்றிப் போட்டுவிடுவானாம். இதைக் கேட்ட நாளிலிருந்து மகனோடு சண்டை பிடித்துக் கடைசியில் ஒரு வாக்கு வாங்கினேன்.

"சரி அம்மா. அமாவாசைக்கு உந்தக் காரிலையே கீரிமலைக்குப் போவம். நிக்காமல் போய் வந்துதெண்டால் வைச்சிருப்பம். நிண்டால் குடுக்கிறது. பிறகு நீங்கள் கதைக்கக் கூடாது."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

இன்று காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். தகப்பனுக்குத் தண்ணீர் இறைத்துத் தர்ப்பணம் கொடுக்கும்வரை அவனுக்குப் பச்சைத்தண்ணீரும் இல்லை, எனக்கும் இல்லை. மருமகளும் பேத்தியும் விரதத்துக்குக் காத்தோட்டிக்காய்க் கறி சமைக்க வீட்டில் நின்றுவிட்டார்கள். நான் முன் சீற்றில் இருந்துகொண்டு, வாய் நமச்சிவாய சொல்ல, காது இயந்திரத்தில் இருந்தது. பட்டணம் தாண்டியது. கொக்குவில் வந்தது. இரண்டு விக்கல். நின்றது.

மகன் இறங்கி, தோளில் கிடந்த துவாயை நனைத்துப் பம்மின்மேல் சுற்றினான்.

"சூடு ஏறினால் பெற்றோல் ஆவியாப் போகுதம்மா. பம்மாலை இழுக்கேலாது."

"விடியக்காலமை என்ன சூடு மோனை? எனக்கே குளிருது."

"உங்களுக்கு இது விளங்காது."

எனக்கு விளங்காதாம்! கீரிமலைக்குப் போகிற வான்களும் பஸ்களும் எங்களைத் தாண்டித் தாண்டிப் போயின. கால்மணி நேரம் கழித்துக் கார் எழும்பியது. திரும்பவும் நாலு கட்டை. சுன்னாகம் சந்தைக்குக் கிட்டப் போக மறுபடி விக்கல், மறுபடி சாவு. சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு வந்த ஒருவன் காலை ஊன்றி நின்றான்.

"அண்ணை, கட்டி இழுக்க மாடு பிடிச்சுக்கொண்டு வரட்டே?"

"கொண்டு வா ராசா" என்றேன். "ஒரு மாடு போதாது. மற்றப் பக்கம் நீ பிடிக்கவேணும்."

சந்தை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. "முடிஞ்சுதம்மா. பேச்சுப் பேச்சுத்தான்" என்றான். பிறகு, பெற்றோல் காட்டும் முள்ளும் பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஒரு தென்னோலை ஈர்க்கைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் போனான். பெற்றோல் தாங்கிக்குள் விட்டுப் பார்க்கத்தான். நானும் இறங்கிப் பின்னால் போனேன்.

அவன் தாங்கியின் மூடியைத் திருகினான். அப்போது அந்தச் சத்தம் வந்தது. தாகத்தில் செம்பை வாயில் வைத்து உறிஞ்சுகிற மாதிரி, ஒரு நீளமான உறிஞ்சல். தாங்கி காற்றைக் குடித்தது. மகனுக்கு அது சத்தமாகவே படவில்லை. மூடியை என் கையில் தந்துவிட்டு ஈர்க்கை விட்டுப் பார்த்தான்.

"அரைவாசிக்கு மேல கிடக்கு" என்று சலித்துக்கொண்டு முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினான். கால்மணி நேரம் காத்திருக்காமல், துணி நனைக்காமல், ஒரே அடியில் கார் எழும்பியது.

நான் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கவேண்டும், குண்டூசித் தலை அளவு. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்றுப் போகிற வழி அது. அந்த வழி இல்லையென்றால் எந்தப் பம்மாலும் பெற்றோலை இழுக்க முடியாது. துளையின்மேல் மஞ்சளாக, கல்லாய்க் காய்ந்து, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். அதில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ஒருநாளும் கைநாட்டு வைக்காதவளின் கைநாட்டு.

நான்தான் வைத்தேன். இரண்டு வருசத்துக்கு முன், நாடு முழுக்கப் பெற்றோல் தட்டுப்பட்ட நேரம், மூன்று நாள் வரிசையில் நின்று மகன் கொஞ்சம் வாங்கி வந்தான். காரை நிறுத்துகிற கொட்டிலில் பெற்றோல் மணத்தது. இப்படியே காற்றோடு போய்விடுமே என்று எனக்குப் பொறுக்கவில்லை. முந்திப் பெற்றோல் அருமைப்படத் தொடங்கிய நாட்களில் என் மனுசனும் அப்படித்தான் செய்வார். இரவில் ஒரு துண்டுச் சவர்க்காரத்தால் துளையை அடைத்துவிடுவார். பெற்றோலுக்குச் சவர்க்காரம் கரையாது. காலையில் கொட்டிலில் நின்று கூப்பிடுவார்: "இஞ்சாருங்கோ, உங்கடை கொண்டை ஊசியை ஒருக்காத் தாங்கோ." என் கொண்டையிலிருந்து ஊசியை வாங்கித் துளையைக் குத்தித் திறந்த பிறகுதான் கார் வாசல் படலையைத் தாண்டும்.

அடைக்க எனக்கு நினைவு வந்தது. ஊசி கேட்கத்தான் ஆளில்லை. மறந்தே போனேன்.

மகன் முன்னாலிருந்து கூப்பிட்டான். "அம்மா, ஏறுங்கோ. நிக்கிறதுக்கிடையில போவம்." நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொண்டை ஊசியை உருவினேன். குத்தினேன். சவர்க்காரம் பொருக்காக உதிர்ந்தது. மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். துளைக்குள்ளால் சுன்னாகத்து வெளிச்சம் தெரிந்தது. மூடியைப் பூட்டிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினேன்.

மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். ஒரு விக்கலும் இல்லை. கீரிமலையில் சனம் நெரிந்தது. மகன் தகப்பன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டுக் கடலில் மூழ்கி எழும்பினான். நான் கரையில் நின்று "குத்தித் திறந்துவிட்டேன்" என்று அவருக்கு மட்டும் சொன்னேன். திரும்பி அரியாலை வரையும் கார் ஓரிடமும் நிற்கவில்லை.

சாப்பிட்டு முடிய, மகனிடம் கேட்டேன்.

"இப்ப என்ன சொல்லுறாய்?"

"போகேக்கை இரண்டு தரம் நிண்டதுதானே அம்மா."

"வரேக்கை நிக்கேல்லையே."

"இண்டைக்கு நிக்கேல்லை. நாளைக்கு? ஏன் நிண்டது, ஏன் ஓடினது எண்டு தெரிஞ்சால் வைச்சிருக்கலாம். நோய் என்னெண்டு தெரியாத சாமானை நம்பி எப்பிடிப் பிள்ளையளை ஏத்துறது?"

அவன் சொன்னது நியாயம். எனக்குப் பதில் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. இரண்டு வருசமாக அவனையும் மெக்கானிக்கையும் "உங்களுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஏசினவள் நான். புதுப் பம்முக்கு மேல் ஈரத்துணியோடு அவனைக் கொக்குவில் றோட்டில் நிற்கவைத்தவளும் நான்தான். பின்னேரம் மூன்று தரம் அவன் இருந்த அறை வாசல்வரை போனேன். முதல்தரம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன். இரண்டாம்தரம் மழை வருமோ என்று கேட்டேன். மூன்றாம்தரம் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன்.

அதனால்தான் பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதத் தொடங்கினேன். ஒரு தாள் போதவில்லை. இது ஐந்தாவது. சவர்க்காரப் பொருக்கு ஒன்று சேலைத் தலைப்பில் கிடந்தது, அதையும் இந்தத் தாளுக்குள் மடித்து வைக்கிறேன். கீழே என் கையெழுத்தும் இருக்கும். இனிப் பேத்தியைக் கூப்பிடவேண்டியதுதான்.

பிள்ளை, இஞ்சை வா. அப்பம்மா எழுதினதை ஒருக்கா வாசி, பிழை கிடந்தால் கிடக்கட்டும். உன்ரை அப்பா விறாந்தையிலதான் இருக்கிறார், அவருக்குக் கேக்கத்தக்கதா உரத்து வாசி. சவர்க்காரம் எண்டு வாற இடத்தில குரலைக் குறைக்காதை, என்ன?