ஓடுகிற ரயிலுக்குப் பசை போட்டவர்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். ஒற்று எங்கே வரும் எங்கே வராது என்று இன்னும் குழப்பம்தான். நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்லவும் மறதி விடுவதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அதுவும் முடியாது, நாலு பேர் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ரயிலை நினைத்தால் இந்த வயதிலும் வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் பூசும் வேலை எனக்கு. எண்பதுகளின் கடைசி அது. யானை, வாத்து, எலி, முயல் என்று விரல் உயரத்துக்குப் பொம்மைகள் வரும். கண் வைப்பது என் வேலை. காது உடைந்தது, மூக்கு கோணியது எல்லாம் பின்பக்கம் குவியலாகக் கிடக்கும். யாரும் தொடமாட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொன்றாக முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பொம்மைகள் இருந்தன. மாசி மகத்துக் கடைகளில் சின்ன வயதிலிருந்து சேர்த்தவை. அழுத்தினால் டிக் டிக்கென்று கத்தும் தகரத் தவளை, ரப்பர் பூனை, மேளம் தட்டும் குரங்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தகர ரயில். என் அம்மா ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை செய்தபோது, ஊரை விட்டுப் போன ஒரு டிரைவர் குடும்பம் கொடுத்தது. பச்சை இஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாக மாட்டுகிற தண்டவாளம். சாவி கொடுத்தால் ஓடும். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பரண்மேல் போட்டுவிட்டேன். பெரிய மனுஷி பொம்மை ரயில் ஓட்டினால் சிரிக்கமாட்டார்களா?

அப்போதுதான் எதிர்வீட்டில் டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மைப் படம் போடுவார்கள். கார்ட்டூன் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்ததுதான். வாசற்படியில் நின்றே பார்ப்பேன். பூனை எலியைத் துரத்தும், பிடிக்காது. தலைமேல் பாறை விழுந்து பூனை அப்பளமாகும், மறுபடி எழுந்து ஓடும். அதில் யாரும் சாவதில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பரணிலிருந்து ரயிலை இறக்கிவிட்டேன்.

பழைய கதவுப் பலகை ஒன்றில் தண்டவாளத்தைப் பதித்தேன். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுப் புல்லாக்கினேன். சூளையில் உடைந்த செங்கல் மலையானது. ஒற்றைக் காது முயல்கள் பிளாட்பாரத்தில் மூட்டையோடு நின்றன. மூக்கு கோணிய வாத்து ஸ்டேஷன் மாஸ்டர். தவளைக்கு சிக்னல் பக்கத்தில் வேலை. இஞ்சினில் ஒரு எலி. கடைசிப் பெட்டியில் பூனை. முதலில் பீங்கான் பூனையைத்தான் வைத்தேன், கனம் தாங்காமல் பெட்டி வளைவில் கவிழ்ந்தது. அப்புறம் ரப்பர் பூனையை உட்கார வைத்தேன். எத்தனை சுற்று சுற்றினாலும் பூனையால் எலியைப் பிடிக்க முடியாது. அதுதான் என் படம்.

ரயில் நுழைந்து வர ஒரு குகை செய்யப்போய்த்தான் அசிங்கப்பட்டேன். இஞ்சினை வைத்து அளந்து, புகைபோக்கி உரசாமல் போகிற மாதிரி களிமண்ணில் வளைத்து, கம்பெனி சூளையில் மற்ற சாமான்களோடு சுட்டு எடுத்துவந்தேன். இஞ்சின் உள்ளே போகவில்லை. மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பூசுகிறவளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் தூரிகையைக் கீழே போட்டுச் சிரித்தாள்.

"ஏன்க்கா, வெந்தா மண்ணு சுண்டும்னு தெரியாதா ஒனக்கு? இந்த ஊருல பொறந்த புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"மறந்துட்டேன்டி. ரயில மட்டும்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ரயிலயும் சூளையில போடு. அதுவும் சுண்டிக்கும், சரியாப் போவும்!"

கடைசியில் விரிசல் விட்ட பீங்கான் குழாயைப் பாதியாக உடைத்து வைத்தேன். குகை சரியாகிவிட்டது. ஆனால் சிரித்த வாய் சும்மா இருக்குமா? கம்பெனி முழுக்கப் பரவியது.

வீட்டுக்காரரும் ஆரம்பத்தில், "எதிர்வூட்டு டிவில பாக்குறது போதாதுன்னு நம்ம வூட்டுலயும் பொம்மப் படமா?" என்றார். அப்புறம் தரையில் ஒருக்களித்துப் படுத்து, குகைக்குள் போன ரயில் வெளியே வருகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். வந்ததும், "வந்துட்டான் எலி!" என்பார்.

ஒருநாள் முதலாளி என் எதிரே வந்து நின்றார். "ஏம்மா, பொம்ம ரயிலு செஞ்சி வச்சிருக்கியாமே? பொருட்காட்சில நம்ம ஸ்டாலு முன்னால வச்சா கூட்டம் அள்ளிக்கிட்டுப் போவும். ஆள அனுப்புறேன், குடுத்துவுடு. முடிஞ்சதும் வந்துரும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. வந்த ஆளிடம் சாவியைக் கொடுத்து, "ரொம்ப முறுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

பொருட்காட்சி கடலூரில். பக்கத்தில் பூசுகிறவளோடு பஸ்ஸில் போனேன், ரயில் ஓடுவதை ஊரே பார்ப்பதைப் பார்க்கலாம் என்று. ஸ்டாலைச் சுற்றிக் கூட்டம்தான். ரயில் நின்றுகொண்டிருந்தது. பூனை கடைசிப் பெட்டியில் இல்லை. இஞ்சின்மேலே, எலியின் கழுத்தில் வாய் படுகிற மாதிரி குந்தியிருந்தது. ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோளிலிருந்து கேட்டாள், "இது ஓடாதா?"

ஸ்டாலில் நின்றவன், "ஓடாதும்மா. ஷோ பீஸு" என்றான்.

எங்கள் கம்பெனியில் அது தினமும் புழங்குகிற வார்த்தை. கப்பு, ஜாடி எல்லாம் ஒரு பக்கம். வாங்கி அலமாரியில் வைத்துப் பார்ப்பது மட்டும் ஷோ பீஸ். எத்தனையோ ஷோ பீஸுக்கு நான் கண் வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை சுட்டது. கிட்டே குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் மஞ்சளாகக் கட்டி கட்டியாக இருந்தது. இரண்டு டியூபைக் கலந்து போடுவார்களே, அந்தப் பசை.

"ஓடும்" என்றேன்.

"என்னாம்மா?"

"ஓடும்டா! அது ஓடுற ரயிலு! எந்தக் கையிடா பச போட்டது?"

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. கூடவந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, மெதுவா. மொதலாளி வராரு."

வந்தார். "ஏம்மா கத்துற? வண்டில வரப்ப வுழுந்து ஒடஞ்சா என்னா பண்றது? ஒன் நன்மைக்குத்தான் ஒட்டச் சொன்னேன்."

"சாவி எங்க?"

"எந்தச் சாவி?"

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பூனையைப் பிய்த்து எறிந்தேன். இஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. இஞ்சின் கையோடு வந்தது. முன்சக்கரங்கள் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டன. யாரோ சிரித்தார்கள். முதலாளி, "வுடும்மா, பேட்டரில ஓடுறதா புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்" என்றார். எனக்குப் பிச்சை போடுகிறாராம்!

அந்த இஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மறுவாரம் அதே கம்பெனிக்குப் போய் அதே இடத்தில் உட்கார்ந்து கண் வைத்தேன். வேறு போக்கில்லை. அந்தக் கோபம் தனி. மிச்ச ரயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆபீஸ் வாசலில் வைத்தார்கள். வருகிறவர்கள் அழகாயிருக்கிறது என்பார்கள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் அனுப்பிய பேட்டரி ரயிலைப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்காரர் இஞ்சினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய டைம்பீஸ் சாவி ஒன்றை அரத்தால் ராவிப் பொருத்திக் கொடுத்தார். இப்போதும் இஞ்சின் என்னிடம் இருக்கிறது. தரையில் வைத்தால் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். கையில் தூக்கிப் பிடித்துச் சாவி கொடுத்தால் பின்சக்கரம் இரண்டும் காற்றில் கிர்ரென்று சுற்றும். ஓடாதாம்!

எந்த வருஷம் என்று எனக்கு நிச்சயமில்லை. பொருட்காட்சி நடந்தது கடலூர்தானா, வழியில் நெய்வேலியிலேயே இறங்கினோமா என்றும் இப்போது சந்தேகம் வருகிறது. கூடவந்தவள் எங்கேயாவது இதைப் படித்தால், அல்லது அந்தக் காலத்துக் கம்பெனி ஆட்கள் யாராவது இருந்தால், சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். பசையை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அது இஞ்சினில் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.