ஒரு பிடி காஸ்டிக்

அந்தக் குழந்தையின் தலை வெந்துபோனதற்கு என் மனைவி காரணம் இல்லை. நான்தான் காரணம்.

ஐந்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் ஆறாவதோடு நின்றவன். அம்மையார்குப்பத்துச் சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷம் நூலுக்குச் சாயம் போட்டேன். முட்டி தேய்ந்த பிறகு திருத்தணிக்கு வந்து ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் ஆனேன். மனைவி பெயர் சுகுணா. எனக்கு மாமன் மகள். பாவா என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் தங்கையின் மகள் மஞ்சுளாவை நாங்கள்தான் வளர்த்தோம்.

சுகுணா மகளிர் குழுவில் மூலிகை சோப்பு செய்யக் கற்றுக்கொண்டாள். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய், குப்பைமேனிச் சாறு. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். எண்ணெயை சோப்பாக்குவது காஸ்டிக்தான். அளவு துளி கூடினாலும் தோலைத் தின்றுவிடும். அதற்காகவே எண் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிறுப்பாள். அவள் நிறுக்கும்போது நான் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவேன். அவ்வளவு மரியாதை அந்தக் கைக்கு.

செய்த சோப்பை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பரணில் ஆறவிடுவாள். பிறகு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சுருக்கென்றால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வேப்பங்கசப்பு அவளுக்கு ஆகாது. ஆகவே நாக்கு வைப்பது என் வேலை.

மஞ்சுளாவின் பையனுக்கு மலையில் முதல் மொட்டை என்று முடிவானது. மழித்த தலையில் சிரங்கு வரக்கூடாது என்று அவனுக்காகவே ஒரு ஈடு சோப்பு போட்டாள் சுகுணா.

கலக்கிக்கொண்டிருந்தபோது மஞ்சுளா வீடியோ கால் போட்டாள்.

“பாவா, தோசமாவு பதம் வர்ற வரிக்கும் கலக்கிகினே இரு. கைய வுட்டுடாத. கொயந்தய காட்றாளாம், பாத்துட்டு வந்துடறேன்.”

வாசலுக்குப் போய்விட்டாள். நான் கலக்கினேன். கை வலித்தது. அது தண்ணீராகவே இருந்தது...

பட்டறையில் சாயம் கரையாவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் ஒரு பிடி காஸ்டிக் போடுவோம். நாங்கள் தராசைத் தொட்டதே இல்லை. எல்லாம் கையளவுதான். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். டம்ளர் தண்ணீரில் ஒரு பிடியைக் கரைத்து ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் கெட்டிப்பட்டது.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். “ரெண்டு பல்லு வந்துகிதாம் பாவா! ஆங்... இன்னா அதுக்குள்ள பதம் வந்துட்டுது? உன் கை ராசியான கை.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகம் அப்படி இருந்தது. அந்த முகத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. வேறொன்றும் இல்லை.

நாற்பத்தெட்டாம் நாள் ஒரு சோப்பை எடுத்து நாக்கில் வைத்தேன். சுருக்கென்றது. ஊசி குத்தியது போல.

“எப்படி கீது?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“சரியா கீது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பட்டறையில் காஸ்டிக் மிஞ்சினால் நூலை நாலு தண்ணீரில் அலசுவோம். போய்விடும். குழந்தை தலையிலும் தண்ணீர்தானே ஊற்றப்போகிறார்கள் என்று நினைத்தேன். குழந்தையின் தலை நூல் இல்லையே... அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மலையில் மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தார்கள். மதியம் சந்தனத்தைக் கழுவ சுகுணா அவனைக் கால்மேல் போட்டுக்கொண்டாள். சோப்பை நுரைத்துத் தலையில் தடவினாள். அவன் அலறினான். தண்ணீர் குளிர் என்று நினைத்து, “இதோ ஆச்சு, என் ராஜா, இதோ ஆச்சு” என்று இன்னும் தேய்த்தாள். நான் பக்கத்தில் துண்டோடு நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். நின்றிருந்தேன்.

தலை முழுக்கச் சிவந்தது. கத்தி பட்ட இடங்களில் கொப்புளம் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். பத்து நாளில் ஆறிவிட்டது. காதுக்கு மேலே மட்டும் சுண்டுவிரல் நகமளவு முடி முளைக்கவில்லை.

அன்று இரவு சுகுணா சாப்பிடவில்லை. சோப்பு போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் கண்ணு போச்சு பாவா. தராசுல ஏழ ஒண்ணுன்னு பாத்துட்டேன் போல” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “விடு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் தராசைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். மீதி சோப்பைப் புதைக்கச் சொன்னாள். புதைத்தேன், ஒன்றைத் தவிர. அதைத் தண்ணீர் மோட்டார் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். தெரியாது.

சோப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலைக்கு அரிசி அளந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். மாத்திரையை என் கையில் கொடுத்து எண்ணச் சொல்கிறாள். குழம்புக்கு உப்பு போட்டால் நான் ருசி பார்க்காமல் இறக்குவதில்லை. மூச்சைப் பிடித்துத் தராசில் நிறுத்த கை அது...

போன வாரம் மஞ்சுளா பையனோடு வந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

“பெரிம்மா, கடை சோப்பு எதுவும் கேக்கல. உன் சோப்பு ஒரு ஈடு போட்டுக் குடு.”

“வேணாம்மா. என் கைய நம்பாத.”

“அட, ஒரு தபா என் புள்ளய தக்காளியாட்டம் ஆக்கிட்ட. அதுக்கு இன்னா இப்போ? இவனே சிரிக்கிறான் பாரு.”

பையன் சிரித்தான். சுகுணா அவன் காதுக்கு மேலே அந்த இடத்தைத் தடவினாள். “வேணாம்” என்றாள்.

மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். “நீயாவது சொல்லேன் பெரிப்பா.”

வாயைத் திறந்தேன். ஒரு வரிதான். அவள் அளவு சரி, நான்தான் ஒரு பிடி போட்டேன்... “டீ குடிச்சிட்டுப் போம்மா” என்றேன்.

அவர்கள் போன பிறகு மோட்டார் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு அந்த சோப்பை எடுத்தேன். வெள்ளை பூத்து, ஓரம் வெடித்திருந்தது. நாக்கில் வைத்தேன். சுருக்கென்று இல்லை. வெறும் கசப்பு. ஐந்து வருஷத்தில் அது அடங்கிவிட்டது.

உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “பாவா, உப்பு பாரு வா.”

போனேன். கரண்டியில் ஊதி, ஆறவைத்துக் கொடுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயெல்லாம் சோப்புக் கசப்பு. உப்பு இருக்கிறதா இல்லையா ஒன்றும் தெரியவில்லை.

“சரியா கீது” என்றேன்.

அவள் குழம்பை இறக்கி வைத்தாள்.