வெறுந் தேத்தண்ணி

இங்கே காலையில் தேத்தண்ணி கேட்பதற்கே எனக்குத் துணிவு வேண்டியிருக்கிறது. கொடைக்கானல் சந்தையில் அந்தோணியின் கடைக்கு முதல் நாள் போய், பால் விடாமல் ஒன்று தரச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "வீட்டுல யாரும் தவறிட்டாங்களாங்க?" என்றார். இந்தப் பக்கத்தில் அது இழவு வீட்டில் கொடுப்பதாம். நம் யாழ்ப்பாணத்தில் விருந்தாளிக்கு வைக்கிற முதல் மரியாதையே அதுதானே!

பிழை என்னுடையதுதான். கொழும்பில் தேயிலைக் கம்பனியின் விளம்பரப் பகுதியில் இருந்தபோது துரைக்கு முன்னால் வாய்வீச்சு வீசியவன் நானே. "அங்கேயும் தமிழர், இங்கேயும் தமிழர். அதே முருகன், அதே வேட்டி. இரண்டு கரைக்கும் ஒரே படம் போதும்" என்றேன். ஓவியர் வரைவதற்கு என் ஐயாவையே கூட்டிவந்து உட்காரவைத்தேன். பெற்ற தகப்பனை ஊருக்கெல்லாம் காட்டுகிற பெருமை எனக்கு. ஒரு கையில் சிவந்த தேத்தண்ணி, மறு கையில் கடித்துக்கொள்ள, இங்கே கருப்பட்டி என்கிறார்களே, அந்தப் பனங்கட்டி, வாங்கோ என்று அழைக்கிற சிரிப்பு. துரைக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. விற்பனை ஏறாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லி என்னையே இங்கு அனுப்பினார்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை சுவர் சுவராக ஐயாவை எழுதினோம். தேயிலை அசையவில்லை.

"எழவு டீயக் கையில வச்சுக்கிட்டு பெரியவரு சிரிக்க வேற செய்யுறாரு. யாருங்க வாங்குவா?" என்றார் அந்தோணி.

அவர் என் ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கொழும்பில் துரைக்கு விஷயத்தை எழுதினேன். இரண்டு கரையும் ஒன்றென்று சொன்னவர் நீர்தானே, படத்தில் பாலை ஊற்றும், இல்லையேல் வேலையை விடும் என்று பதில் வந்தது.

பெயிண்டர் மரியதாஸ் வத்தலக்குண்டில் தொடங்கி, சுவருக்குச் சுவர் தேத்தண்ணியை வெளுத்துக்கொண்டே மலையேறினார். கடைசியாகச் சந்தைச் சுவரில் ஏணி சாத்திய காலையில் எனக்குத் தந்தி வந்தது. ஐயா போய்விட்டார். ரயிலும் கப்பலும் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"மரியதாஸ், இந்தச் சுவரை விட்டுவிடுங்கோ. அது என்ர ஐயா. அவர் போயிட்டார் எண்டு தந்தி வந்திருக்கு."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா உங்க சோலி போயிருமேங்க?"

"போகட்டும்."

கடையிலிருந்து அதைக் கேட்ட அந்தோணி ஓடிவந்தார். கேட்காமலே பால் விடாத தேநீரை என் கையில் வைத்து, சுவரைப் பார்த்தபடி, "மன்னிச்சிருங்க. இப்பப் படம் சரியாத்தாங்க இருக்கு" என்றார்.

அவரிடம் ஒரு துண்டு கருப்பட்டி கேட்டேன். துக்கத்துக்கு இனிப்பா என்று அங்கே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரிலிருந்து ஐயா என்னை வாங்கோ என்று அழைத்தபடியே இருந்தார். நான் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அந்த இழவுத் தேநீரைக் குடித்தேன்.