தலைதட்டி அளந்த மூச்சு

செவ்வாய், காலை 11.10. மூச்சின் அளவு 480 மில்லி. நிமிடத்துக்கு 18 தடவை.
புதன், 11.05. அளவு 420. நிமிடத்துக்கு 22.
வியாழன், 11.15. அளவு 340. நிமிடத்துக்கு 28.

ஐப்பசிக் கடைசி வாரத்தில் என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் நான் எழுதிய மூன்று வரிகள் இவை. என் தம்பி அப்போது கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில், வாயில் குழாயோடு, வென்டிலேட்டரில் கிடந்தான். கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் நடவு முடித்து வந்தவனுக்கு எலிக்காய்ச்சல். நான்கே நாளில் அது நுரையீரலுக்கு இறங்கிவிட்டது.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் அனுமதி. பச்சை எழுத்துகள் ஓடும் திரை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அதில் எந்த எண் எதைக் காட்டுகிறது என்று முதல் நாளே நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். கதவருகே இருந்த காவலாளி, "அண்ணே, இம்புட்டு எழுதுறீங்களே, பரிச்சையா?" என்று கேட்டார்.

உள்ளே மார்பு எழும், ஒரு கணம் நிற்கும், இறங்கும். முகம் அதற்குச் சம்பந்தமே இல்லாதது போல் கிடக்கும். உடம்பு அவனுடையது, மூச்சு வேறொன்றினுடையது. புதன்கிழமை என் பக்கத்தில் நின்ற தம்பி மகள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"பெரியப்பா, நிறுத்துங்க. மிஷின் விடுறப்பதான் நீங்களும் விடுறீங்க."

நிறுத்திப் பார்த்தேன். என் மூச்சைத் திரும்பப் பிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. அவளுடைய மார்பும் அதே தாளத்தில்தான் எழுந்து இறங்கியது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மூன்று வரிகளையும் அவளிடம் காட்டினேன். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மூச்சின் அளவு இறங்குவது அவளுக்கு உடனே தெரிந்தது.

"நாளுக்கு நாள் மூச்சக் குறைக்கிறாங்களா? அப்ப கைவிட்டாங்களா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

நான் செய்த தவறு இதுதான். எண்களை ஒழுங்காகக் குறித்திருந்தேன். அளவு ஏன் இறங்குகிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் அவள் வேறு மருத்துவமனையில் இடம் கேட்டு, ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டாள். கையெழுத்துப் போட்டால் அவனைக் கூட்டிப் போகலாம். அந்தத் தாளை அவள் கேட்டதும் நர்ஸ் உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டருக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. "காத்தக் கூட்டுங்கன்னுதான எல்லாருமே கேக்குறாங்க" என்றார். "அப்பாவோட நுரையீரல்ல முக்கால்வாசி நீர் கோத்து அடைச்சிருச்சும்மா. காத்து போற இடம் ஒரு சின்னப் பிள்ளையோட நுரையீரல் அளவுதான் மிச்சம். அதுக்குள்ள முழு ஆளோட மூச்சத் தள்ளுனா நல்லா இருக்கிற இடமும் இழுபட்டுக் காயமாகும். அந்தக் காயத்துல அழற்சி கூடும். அது ரத்தத்துல கலந்தா கிட்னியையும் கெடுக்கும். காப்பாத்துற மிஷினே ஆளக் கொன்னுரும். அதனாலதான் சின்னச் சின்ன மூச்சா, அடிக்கடி. இப்ப தூக்கிட்டுப் போனா பாலம் தாண்ட மாட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குக் களத்து நெல்தான் நினைவுக்கு வந்தது. மரக்காலைக் கூம்பாகக் குவித்தும் அளக்கலாம், விளிம்போடு வழித்துத் தலைதட்டியும் அளக்கலாம்.

"தலைதட்டி அளக்குறாங்க தாயி. சாக்கு நைஞ்சு கெடக்கு. குவிச்சுப் போட்டா பிஞ்சுரும்" என்றேன்.

அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸ்காரரிடம், "வேணாம்ணே, திரும்பிப் போயிருங்க" என்றாள். வைத்துவிட்டு என்னிடம், "உங்க நோட்டு எங்கப்பாவக் கொன்னுருக்கும் பெரியப்பா" என்றாள்.

அன்று பிற்பகல் 2.10-க்கு அவனைக் குப்புறப் போட்டார்கள். நுரையீரலில் முதுகுப்பக்கம் அடைந்து கிடக்கும் காற்றறைகள் திறக்கும் என்றார் டாக்டர். எங்கள் வீடுகளில் குப்புறத் தூங்குபவரை உலுக்கித் திருப்பிவிடுவோம். அது ஆகாது என்பார்கள். இங்கே ஆறு பேர் சேர்ந்து, குழாய் நகராமல், வேண்டுமென்றே கவிழ்த்தார்கள். கட்டிலைச் சுற்றியிருந்த மறைப்புத் துணி விலகியபோது முகமே இல்லை. ஒரு முதுகு மட்டும் சிறிது சிறிதாக எழுந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே மறுநாள் காலைவரை.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். மார்கழியில் அவன் வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். குரல் இன்னும் கரகரத்தது.

"அண்ணே, என்னையக் குப்புறப் போட்டிருந்தாங்கள்ல? அப்ப எடது காதுகிட்ட ஒருத்தர் எண்ணிக்கிட்டே இருந்தாருண்ணே. லாபம், ரெண்டு, மூணுன்னு. இருபத்தெட்டு வரைக்கும். பெறகு திரும்பவும் லாபம்."

அவன் மகள் கேட்டாள்: "லாபமா? அது என்னப்பா எண்ணிக்கை?"

நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்று தொடங்கித்தான் இரண்டுக்குப் போவார்கள். எங்கள் அப்பா சாகும்வரை அப்படித்தான் எண்ணினார். அதற்குப் பிறகு எங்கள் களத்துக்கு எடை மிஷின் வந்துவிட்டது. இவளுக்கு அந்த வழக்கம் தெரிய வழியில்லை.

விசாரித்தேன். அன்று பணியிலிருந்த இரண்டு நர்ஸுகளும் கேரளத்துக்காரர்கள். நெல் அளக்கும் எண்ணிக்கை அவர்களுக்குத் தெரியாது, யாரும் சத்தமாக எண்ணவும் இல்லை என்றார்கள். மயக்க மருந்தில் பலருக்குப் பலதும் கேட்கும் என்றார் டாக்டர். இருபத்தெட்டு, அந்த வியாழக்கிழமை நான் குறித்த நிமிட மூச்சுக் கணக்கு. அதைத் தம்பியிடம் நானும் சொல்லவில்லை, அவன் மகளும் சொல்லவில்லை.

அந்தப் பிற்பகலில் நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். என் உதடு அசைந்ததா என்று எனக்கே தெரியாது. அசைந்திருந்தாலும் அந்தக் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற காவலாளியைக் கேட்கலாம் என்றால் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், தேடியும் ஆள் கிடைக்கவில்லை. குரல் யாருடையது போல் இருந்தது என்று தம்பியை நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

குறிப்பேட்டில் வியாழன் 2.10-க்கு எதிரே எழுதியிருப்பது: எண்ணியவர் யார், சரிபார்க்கப்படவில்லை.