நாலாயிரம் லைக் வாங்கிய பதிவு

பேய்ப் படம் பிடித்தவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் என்னைச் சேர்த்துவிட்டது என் மகள். நான் செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். அவள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய அம்மா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், எங்களுக்குள் பேச்சும் அதிகம் கிடையாது. பேய்ப் படம் மட்டும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். பயந்தால் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள், நான் டீ போட எழுந்திருக்கக்கூட விடமாட்டாள். அவள் விடுதிக்குப் போன பிறகு நான் தனியாகப் பார்த்தேன். "தனியா பாத்துட்டு சும்மா குந்திக்கினு இருக்காதப்பா. இந்த குரூப்ல எழுது, நானும் படிப்பேன்" என்றாள்.

எழுதினேன். யாரும் சீந்தவில்லை. கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்திருந்தேன், இரண்டு லைக், அதில் ஒன்று அவளுடையது. இன்னொரு முறை ஒரு படத்தின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று குழுவை நடத்துகிறவர் என் பதிவையே தூக்கிவிட்டார். படம் வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் பார்க்காதவனுக்காக நான் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். அவர் கும்பிடுகிற கைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்கோபம் எனக்குப் பிறவிக் குணம். பஸ்ஸில் சில்லறைக்காக நான் போடும் சத்தம் இந்த மலையில் எல்லாருக்கும் பழக்கம்.

மகள்தான் போனில் சொல்லிக் கொடுத்தாள். "மொத வரியிலயே ஆளப் புடிச்சிடணும்பா. கதைய ஒப்பிக்காத. உனுக்கு இன்னா தோணுச்சோ அத எழுது." அடுத்த பதிவில் அப்படியே செய்தேன். மழை பெய்த காட்டில் வெள்ளைப் புடவை கட்டிய பேய் ஒன்று படம் முழுக்க நடக்கிறது, புடவை ஓரத்தில் ஒரு பொட்டு சேறு இல்லை. எங்கள் மலையில் மழைக்குப் பிறகு பத்தடி நடந்தால் முழங்கால் வரை செம்மண். இந்தப் பேய்க்கு யார் துவைத்துப் போடுகிறார்கள் என்று எழுதினேன். அறுபது பேர் லைக் போட்டார்கள். ஆளுக்கு ஆள் 'கண்டக்டர் அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் சில்லறை கேட்டு யாரையும் திட்டாமல் இருந்தேன்.

மலை மேல் கடைசி ஊரில் மத்தியானம் எங்கள் வண்டி ஒரு மணி நேரம் நிற்கும். டிரைவர் சாப்பிட்டுவிட்டுப் பின் சீட்டில் படுத்துவிடுவார். நான் அந்த நேரத்தில் எழுதுவேன். அங்கே டவர் கிடையாது. எழுதிவிட்டு அனுப்பு என்று அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இறங்கி வரும்போது ஒரு வளைவில்தான் டவர் கிடைக்கும். அந்த இடம் வந்ததும் வண்டியில் இருக்கிற எல்லார் போனும் ஒரே சமயத்தில் கத்தும். காலையிலிருந்து சேர்ந்துகிடந்த சேதியெல்லாம் அங்கேதான் வரும், போகும். என் பதிவும் அங்கே தானாகப் போய்விடும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் என் பதிவின் கீழே முகமூடிப் படம் வைத்த ஒருவன் எழுதியிருந்தான்: "அங்கிள் எல்லா படத்துலயும் குத்தம் சொல்றாரு. பயம்னா இன்னான்னு அங்கிளுக்குத் தெரியுமா?" முப்பது பேர் அதற்குச் சிரித்து வைத்திருந்தார்கள்.

எனக்கா தெரியாது? மறுநாள் மத்தியானம் சாப்பிடக்கூட இறங்கவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை முன் சீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

எங்கள் மலையில் பஸ்ஸைப் பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. ஊர்கள் எல்லாம் ரோட்டை விட்டுத் தள்ளி, சரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. வருகிறவர்கள் தூரத்திலேயே வண்டியைப் பார்த்துவிட்டால் மேட்டில் ஏறி நின்று நீளமாகக் கூவுவார்கள். கூவல் கேட்டால் வண்டி நிற்க வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் யாரும் மீறமாட்டார்கள். சில நேரம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கூவிவிட்டு ஓடிவிடுவார்கள். காத்திருந்து ஏமாந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், சாமை அறுப்பு நேரம். அன்றைக்கும் நான்தான் கண்டக்டர். திரும்பி இறங்கும்போது வண்டி முழுக்கக் கூட்டம். ஒரு கூவலுக்கு நின்றோம், சாமை மூட்டையோடு ஒருவர் ஆற அமர வந்து ஏறினார். இன்னொரு கூவலுக்கு நின்றோம், யாருமே இல்லை. பிள்ளைகள் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது. ஏற்கெனவே நேரமாகிவிட்டது, டிரைவர் என்னை முறைத்தார். எங்கள் ஊருக்கு எதிரே வந்து இரண்டு பேரை இறக்கும்போது மறுபடியும் ஒரு கூவல். மெல்லிசான குரல். "வேற வேல இல்ல இதுங்களுக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்த பிறகும் அது கேட்டது. நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவியைச் சாமைக் கொல்லையில் பாம்பு கடித்திருந்தது. போர்வையில் போட்டு மூங்கிலில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். என் வண்டி போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் புளி ஏற்றிய வேன் ஒன்று கிடைத்தது. மலையடிவாரம் வரைக்கும் உயிர் இருந்ததாம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள், "மேட்டுல நின்னு கூவுனது காதுல வுழலயா?" என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். எட்டு வயது. "இல்ல, வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. "பாவம், அவரு இன்னா பண்ணுவாரு" என்றார்கள். அந்தப் பொய்யோடுதான் பதினொரு வருஷம் அவளுக்குச் சோறு போட்டேன், தலை பின்னிவிட்டேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன். எனக்கு இந்த உலகத்தில் ஒரே பயம், நான் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான். தெரிந்தால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள். எனக்கு வேறு யாரும் இல்லை.

இதையெல்லாம் 'ஒரு கண்டக்டர்' என்று யாரோ போல எழுதினேன். உண்மையா கற்பனையா என்று மேலே குறிக்க வேண்டும் என்பது குழுவின் விதி. கற்பனை என்று போட்டேன். கோபத்தோடு அனுப்பு என்று அழுத்தியும் விட்டேன்.

வட்டம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் புத்தி வந்தது. அடப்பாவி, அவள் படிப்பாளே. அதை நிறுத்த எங்கே தொடுவது என்று தெரியவில்லை. டிரைவர் எழுந்து வந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். திரையில் இருந்ததையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி மூடினேன். வட்டம் காணாமல் போனது. டவரே இல்லாத இடத்திலிருந்து அது எங்கே போய்விடப் போகிறது என்று நிம்மதியானேன். தானாகப் போவதை ஒரு வருஷமாகப் பார்த்துவந்தவன் நான். ஆனாலும் கண்ணில் தெரியாதது போனிலும் இருக்காது என்று நம்பினேன்.

வளைவில் எல்லார் போனும் கத்தின. என் பையிலிருந்ததும் கத்தியது. ஒரு அம்மாவுக்கு மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன், எடுத்துப் பார்க்கவில்லை.

செங்கத்தில் இறங்கி மாலை டிரிப் எடுத்து முடித்து வந்து பார்த்தால், பதிவு போயிருக்கிறது. நாலாயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள். குழுவை நடத்துகிறவர் அதை எல்லாருக்கும் மேலே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். "கிளைமாக்ஸ்ல மிரட்டிட்டீங்க தலைவா." "அது அவன் பொண்டாட்டிதான்னு பாதியிலயே கண்டுபுடிச்சிட்டேன்." "லாஜிக் இடிக்குது, சொந்த ஊருக்காரங்க குரல் தெரியாதா?" "பத்துக்கு எட்டு." "குறும்படம் எடுக்கலாமா அங்கிள்?" முகமூடிக்காரன்கூட மன்னிப்புக் கேட்டிருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்தால் நான் மனுஷனே இல்லை. என் பெண்டாட்டி செத்ததற்கு மார்க் போட்டிருக்கிறார்கள், அதைப் படித்து ஒரு நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்புறம்தான் பார்த்தேன். மகள் மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். அவள் லைக் போடவில்லை.

உடனே பதிவை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? பஸ் ஸ்டாண்டில் கடைசிக் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"படிச்சேன். கற்பனைன்னு போட்டிருக்க."

ஆமாம், கதைதான் என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. ஆனால் பதினொரு வருஷம் சொன்ன பொய்யின் மேல் புதிதாக ஒன்றைப் போட முடியவில்லை.

"உனுக்கு நெஜமாவே கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

திட்டட்டும், இனிமேல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லட்டும், எல்லாம் எனக்குத் தகும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்னிக்கு கூவுனது நான்தாம்பா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அம்மாவ தூக்கிட்டு வந்தவங்களால ஓட முடியல. நீ ஓடிப் போயி வண்டிய நிறுத்துன்னு என்னை அனுப்புனாங்க. மேட்டு மேல ஏறி மூணு வாட்டி கூவுனேன். வண்டி போய்ட்டுது. அப்புறம் நீ வந்து ஒண்ணும் கேக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. அப்ப நான் கூவுனது பத்தலன்னு நெனச்சேம்பா. இன்னும் கொஞ்சம் சத்தமா கூவியிருந்தா அம்மா இருந்திருக்கும்னு. இத்தினி வருஷமா அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். உன்கிட்ட சொன்னா என்னை வெறுத்துடுவியோன்னு பயந்துக்கினே இருந்தேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மெல்லிசான குரல் என் பிள்ளையுடையது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு வார்த்தையை எட்டு வயதில் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். எனக்கு என் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. போனைப் பிடித்திருந்த கையை விட முடியவில்லை.

"சொல்லுப்பா" என்றாள். "நல்லா கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சும்மா" என்றேன். "மொத வாட்டியே கேட்டுச்சு."